பீரோக்காரர் வீட்டுத் தையல்காரர்

என் அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். மனிதர்களுக்குத் தைப்பவர் அல்ல. ஜன்னல் திரை, மேஜை விரிப்பு, சோபா உறை என்று வீட்டுச் சாமான்களுக்குத் தைப்பவர். ஏன் சட்டை தைப்பதில்லை என்று கேட்டால், "மனுஷனுக்கு அளவு மாறிக்கிட்டே இருக்கும். மேஜை குண்டாகாது" என்பார். அவரைப் போல் மூலை மடித்துத் தைக்க ஊரில் வேறு ஆள் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் தையல்காரர் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். பீரோக்காரர் வீடு எது என்று கேளுங்கள், வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

உண்மையான பீரோக்காரர் என் அக்காவின் முதல் வீட்டுக்காரர். அவரை நான் மாமா என்று கூப்பிட்டேன். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு இரும்பு பீரோ செய்தார். தகடு வெட்டும் சத்தத்திலும் பெயின்ட் வாசனையிலும்தான் அந்த வீட்டில் பொழுது விடியும். ஒரு பீரோ முடிந்ததும் கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்ப்பார். அது தானாகப் போய் 'டக்' என்று மூடிக்கொண்டால்தான் வண்டியில் ஏற்றுவார். இல்லாவிட்டால் கீலைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. தெருவில் பாதி வீட்டுத் துணிமணி அவர் செய்த பீரோவில்தான் இருக்கிறது. மகளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், "உங்க வீட்டு பீரோவே எங்கப்பா செஞ்சதுதான் மிஸ்" என்பாள்.

ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். கொட்டகையில் பாதி முடிந்த பீரோ ஒன்று நின்றது. தட்டுகள் பொருத்தி, சிவப்பு பிரைமர் அடித்தாகிவிட்டது. கதவு மட்டும் போடவில்லை. அதை விலைக்குக் கேட்டு வந்த பழைய இரும்புக்காரரை, பாவாடை கட்டிய சிறுமியாக இருந்த என் அக்கா மகள் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். இப்போது வேலைக்குப் போகிற பெண்ணாகிவிட்டாள் என்றாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

இரண்டாவது கல்யாணத்துக்குத் தரகு வேலை பார்த்தது சாட்சாத் நான். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் எனக்கு வேலை. ஜன்னல் திரை தைக்க அளவெடுக்க வந்தார் இவர். நாற்காலியில் வாயைத் திறந்து காத்திருந்த ஒருவரைச் சுற்றிக்கொண்டு, அவர் மேல் டேப்புகூடப் படாமல், ஜன்னலை அளந்துவிட்டுப் போனார். ஆள் எனக்குப் பிடித்துவிட்டது. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "யாரும் அளவெடுக்க வரலைங்க" என்றார். நான் எடுத்தேன். அக்கா முதலில் என்னைத் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு அந்த ஆள் டீக்குச் சர்க்கரை போட்டுக்கொள்வாரா என்று கேட்டாள். அதோடு எனக்குத் தெரிந்துவிட்டது.

இவரை நான் அத்தான் என்று கூப்பிட ஆரம்பித்தேன். மாமா மாமாவாகவே இருக்கட்டும், அத்தான் அத்தானாக இருக்கட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம் என்று. எனக்கு அந்த வசதி இருந்தது. பாப்பாவுக்கு இல்லை. அப்பா என்பதற்கு மாற்றாக அவளிடம் வேறு சொல் கிடையாது.

"சித்தப்பான்னு கூப்பிடேன்" என்றேன்.

"சித்தப்பான்னா அது உன் வீட்டுக்காரர்" என்றாள்.

"சரி, அங்கிள்?"

"அங்கிள்னா பக்கத்து வீட்டுக்காரர். எங்க வீட்டுக்குள்ள படுத்துத் தூங்கறவங்களை எப்படி அங்கிள்னு சொல்றது?"

ஆகவே அவள் அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. இதில் அவள் தேர்ந்த ஆள் ஆகிவிட்டாள். சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்பாள். அவருக்குப் போன் வந்தால் போனைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் முதுகு திரும்பியிருந்தால், அவராகத் திரும்பும்வரை நின்றுகொண்டிருப்பாள். மரியாதைக் குறைவு என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. எல்லாமே மொட்டையாக, ஆனால் மரியாதையாக. அத்தானும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. அவள் நிற்பது தெரிந்தால், ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாலும் திரும்பிவிடுவார்.

பாப்பாவுக்கு அம்மா மறுபடி கல்யாணம் செய்துகொண்டதில் கோபம் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். அவளுடைய கோபமெல்லாம் அந்தப் பெயர் மேல். அத்தான் தையல் மெஷினைக் கொட்டகையில் கொண்டுவந்து போட்ட மறுநாளிலிருந்தே தெரு அவரைப் பீரோக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பீரோக்காரர் வீட்டில் இருக்கிறவர் பீரோக்காரர், அவ்வளவுதான். பால்காரர், கேபிள்காரர், எதிர்வீட்டு நர்ஸம்மா, எல்லாரும். அத்தான் ஒவ்வொருவரிடமும், "நான் பீரோக்காரர் இல்லீங்க, தையல்காரர்" என்று சளைக்காமல் சொல்வார். பெரிய எழுத்தில் தையல் கடை என்று போர்டு எழுதி மாட்டினார். அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, "பீரோக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்கள். ஒருத்தர் திறக்காத பீரோவை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தே விட்டார். அப்போதெல்லாம் பாப்பா உள்ளேயிருந்து வெளியே வந்து, "பீரோக்காரர் செத்துப்போயிட்டார்" என்று சொல்லிவிட்டுப் போவாள். வந்தவர் திகைத்து அத்தானைப் பார்ப்பார். அத்தான் தலையைக் குனிந்துகொள்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதவில்லாத அந்தப் பீரோ கொட்டகையிலேயேதான் நின்றது. துணிச் சுருள்களை வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. அத்தான் அதில் ஒரு கைக்குட்டைகூட வைத்ததில்லை. சுருள்கள் பெஞ்சின் மேல் கிடந்தன, நாற்காலியில் கிடந்தன, கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அக்கா காலில் தட்டி விழாத நாள் கிடையாது. "அது சும்மாத்தானே நிக்குது" என்று அவள் சத்தம் போட்டால், "நிக்கட்டும்" என்பார். வாரத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவதோடு சரி.

பாப்பா ஒரு மொழிப் பள்ளியில் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்வீடிஷ், போலிஷ் என்று சொல்லிக்கொடுக்கும் இடம். வகுப்பறை மேஜைகளெல்லாம் கீறலாகக் கிடந்ததால் எல்லாவற்றுக்கும் விரிப்புத் தைக்க வேண்டும் என்றார்கள். யாரோ அத்தான் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். அவர் துணி மாதிரிகளோடு அங்கே போய் நின்றபோது வரவேற்பு மேஜையில் பாப்பா. இரண்டு பேரும் காலையில் ஒரே தோசைக்கல்லிலிருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். பாப்பா போனை எடுத்து, "மேஜைத்துணி தைக்கிறவர் வந்திருக்கார்" என்று உள்ளே சொன்னாள். அத்தான் "நன்றிங்க" என்றார். இதை அத்தானே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாதிரிகளில் தடிமனான பழுப்புத் துணி ஒன்றைப் பிரெஞ்சு மிஸ் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான் பீரோ" என்றாராம். அத்தான் விழித்திருக்கிறார். மிஸ் விளக்கினார். கேட்டவர் அப்படியே பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு மென்று முழுங்கத் தெரியாத மனிதர். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"பீரோங்கிறது முதல்ல துணியோட பேராம், தெரியுமா? முரட்டுக் கம்பளித் துணி. அதை மேஜைமேல விரிச்சாங்களாம். அப்புறம் மேஜைக்கே அந்தப் பேர் வந்துருச்சாம். அப்புறம் மேஜை இருக்கிற ஆபீஸுக்கு. சுத்திச் சுத்திக் கடைசியிலதான் நம்ம இரும்புப் பெட்டிக்கு வந்திருக்கு." அக்கா, "அப்படியா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் சிரித்தபடி, "அப்படிப் பார்த்தா ஊர்ல என்னைப் பீரோக்காரர்னு கூப்பிடறதுல தப்பே இல்லபோல" என்றார்.

பாப்பா கையைத் தட்டிலேயே கழுவினாள்.

"அப்போ எங்கப்பாதான் அந்தப் பேரை இரவல் வாங்கியிருந்தாரா?" என்றாள். அந்த வீட்டில் அவள் நேராக அவரைப் பார்த்துப் பேசிய முதல் வாக்கியம் அதுதான். பையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இன்று போவாள், நாளை போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. என் வீட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்தாள், அங்கிருந்தே வேலைக்குப் போனாள். அக்கா போன் செய்தால் எடுப்பாள், நன்றாகப் பேசுவாள், வீட்டுப் பேச்சு வந்தால் வைத்துவிடுவாள். அக்கா என்னிடம், "ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்னு ஆச்சுன்னா, அவங்க ரெண்டு பேரும் அந்த வீட்டுல இருக்கட்டும், நான் வெளியே போயிடறேன்" என்றாள். கோபத்தில் சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன். குரலைக் கேட்டபோது அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும், ஒரே கூரையின் கீழ் வேண்டும்.

ஒருநாள் அத்தான் கிளினிக்குக்கு வந்தார். பல்வலியோ என்று பார்த்தேன். நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, தன் முறைக்குக் காத்திருப்பவர்போல் காத்திருந்து, கூட்டம் குறைந்ததும் எழுந்து வந்தார்.

"கடைத்தெருவுல ஒரு மாடிப்படிக்குக் கீழ இடம் பார்த்திருக்கேன். மெஷினை அங்க மாத்திடறேன். ஞாயித்துக்கிழமை வண்டி வருது. கொட்டகை பழையபடி இருக்கட்டும். பாப்பாவை வரச்சொல்லுங்க."

"நீங்க?"

"நான் ராத்திரி தூங்கத்தானே வருவேன். அதுவும் அவளுக்குக் கஷ்டமா இருந்தா, அங்கயே படுத்துக்கறேன். அகலம் போதும்."

"மாடிப்படிக்குக் கீழயா?"

"அளந்து பார்த்துட்டேன்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சின்னப் பெண்ணின் கோபத்துக்காக ஒரு மனிதர் மாடிப்படிக்குக் கீழே போய்ப் படுக்க இடம் அளந்துவிட்டு வருகிறார். அவரையும் திட்ட முடியாது, அவளையும் திட்ட முடியாது. அப்பா இல்லாத பிள்ளை. அடுத்து வந்த நோயாளியிடம் வெடுக்கென்று பேசிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பாப்பா என் அடுக்களையில் டம்ளரை உருட்டிக்கொண்டு நின்றாள். நான் அத்தான் வந்துபோனதைச் சொல்ல வாயெடுக்கும் முன் அவளே ஆரம்பித்தாள்.

"நான் பிரெஞ்சு மிஸ்கிட்ட சண்டை போடத்தான் போனேன், சித்தி."

"எதுக்கு?"

"எதுக்கு அவங்ககிட்ட அந்தக் கதையைச் சொன்னீங்கன்னு. மிஸ் என்னை உட்காரவெச்சு மறுபடி அதே கதையைச் சொல்றாங்க."

பிரான்ஸில் பழங்காலத்தில் அந்த முரட்டுத் துணியை எழுதுகிற மேஜையின் மேல் விரித்திருக்கிறார்கள். மேஜையைத் துணியின் பெயரால் கூப்பிட ஆரம்பித்து, பிறகு அறையைக் கூப்பிட்டு, பிறகு அந்த அறையில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறவர்களின் ஆட்சிக்கே 'பியூரோக்ரஸி', அதாவது மேஜையாட்சி என்று கேலியாகப் பெயர் வைத்தார்களாம். மிஸ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் அறையில் இருந்த மற்றவர்களும் மூக்கை நுழைத்திருக்கிறார்கள். ஜெர்மன் சார், ஜெர்மனில் அது ஆபீஸ்தான் என்றார். போலிஷ் சொல்லித்தருகிறவர், போலிஷில் ஆபீஸ் 'பியூரோ', மேஜை அதன் குட்டி, 'பியூர்கோ' என்றார். இங்கிலாந்தில் எழுதும் மேஜை, அமெரிக்காவில் துணி வைக்கும் இழுப்பறை. ஸ்வீடிஷ் சார் எல்லாரையும் நிறுத்தி, ஸ்வீடிஷிலும் அது துணி வைக்கிற இழுப்பறைதான், அதனால் உங்கள் பீரோவுக்கு நெருங்கிய சொந்தம் நாங்கள்தான் என்று தோளைத் தூக்கிக்கொண்டாராம். சொத்துக்குப் பங்காளிகள் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றாள் பாப்பா.

"நான் ஒண்ணுதான் கேட்டேன், சித்தி. பேரை மேஜை எடுத்துக்கிச்சு, ஆபீஸ் எடுத்துக்கிச்சு, எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. அப்போ அந்தத் துணிக்கு என்ன மிச்சம்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அந்த முரட்டுத் துணியை இன்னைக்கும் பிரெஞ்சுல 'பியூர்'னுதான் சொல்றாங்களாம். சந்நியாசிகள் போடற அங்கி அந்தத் துணிதானாம். பேர் அத்தனை இடத்துக்குப் போயிருக்கு. ஆனா துணியை விட்டுப் போகலை." சொல்லிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கப்பா பேரை யாரோ எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு இத்தனை வருஷமா வாசல்லயே நின்னுட்டிருந்தேன்" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். சமாளித்துக்கொண்டு, அத்தான் கிளினிக்குக்கு வந்ததை, மாடிப்படியை, ஞாயிற்றுக்கிழமை வரும் வண்டியை எல்லாம் சொன்னேன்.

"அந்தப் பீரோல அவர் ஒரு துணிகூட வெச்சதில்லை, அது தெரியுமா உனக்கு?"

"தெரியும். எப்போ வைப்பாங்க, சண்டை போடலாம்னு தினமும் போய்ப் பார்ப்பேன்."

"அப்போ வீட்டுக்கு வா."

"வந்து என்னன்னு கூப்பிடறது?" என்றாள். அப்படி ஒரு சொல் என்னிடம் இருந்திருந்தால் எப்போதோ கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பியபோது அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தையல் மெஷின் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றது. கழற்றிய போர்டு சுவரில் சாய்ந்திருந்தது. அக்கா கதவு நிலையில் சாய்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அத்தான் கழுத்தில் டேப்போடு துணிச் சுருள்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். பாப்பாவைப் பார்த்ததும் கட்டுவதை இன்னும் வேகமாகக் கட்டினார், சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதுபோல.

சின்ன லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"பீரோக்காரர் வீடு இதுதானே? யாருங்க பீரோக்காரர்?"

வழக்கமான பதிலைச் சொல்ல அத்தான் நிமிர்ந்தார். "நான் பீரோ..." என்று ஆரம்பித்துவிட்டார்.

"அவங்கதான்" என்றாள் பாப்பா.

அத்தான் திறந்த வாயை மூடவில்லை. அக்கா கதவு நிலையிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அவங்கதான் பீரோக்காரர்" என்று டிரைவரிடம் மறுபடி சொன்னாள் பாப்பா. "இந்த மெஷினை ஒரு கை பிடிங்க. உள்ள வைக்கணும்."

டிரைவர், "ஏத்தறதுக்குத்தானே கூப்பிட்டாங்க?" என்றார். நான் அவரை ஓரம் கட்டி, பேசாமல் சொன்னதைச் செய்யச் சொன்னேன். மெஷின் பழைய இடத்துக்குப் போனது. அத்தான் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனாள்.

பாப்பா கட்டை அவிழ்த்து ஒரு சுருளைத் தூக்கினாள். கதவில்லாத பீரோவுக்கு முன்னால் போய் நின்று, மேலும் கீழும் பார்த்தாள். பிறகு திரும்பி அவரைக் கேட்டாள்.

"எப்படி அடுக்கறது? கலர் பார்த்தா, அளவு பார்த்தா?"

அத்தான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே வந்தார்.

"அளவு பார்த்துத்தான் பாப்பா. உங்கப்பா தட்டை அளவு பார்த்துதான் போட்டிருக்கார்."

அவள் தலையாட்டிவிட்டு, நீளமான சுருளை அடித்தட்டில் வைத்தாள். அது மயிரிழைகூட இடிக்காமல் உள்ளே போனது. அடுத்த சுருளுக்குக் கையை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.